மரவுரிப் பூப்போட்ட ஒரு சட்டை: ஆல்ஃபிரெட் ஷஹீனும் ஹவாய்ச் சட்டையின் பூர்வீகமும்

கிழக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. சான்டியாகோவில் இருக்கும் என் அத்தை மகன் போன மாதம் ஊருக்கு வந்தான். வரும்போது எனக்கு ஒரு ஹவாய்ச் சட்டை வாங்கி வந்தான். நல்ல செம்பருத்திச் சிவப்பு. அதன்மேல் வெள்ளையில் பெரிய பூக்கள். பூக்களுக்கு நடுவே முக்கோணம், கோடு, புள்ளி என்று கோலம் போட்டதுபோலப் பட்டை பட்டையாக ஓடுகிறது. பட்டன் எல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் செய்தவை. துணி ரேயான் என்று எழுதியிருக்கிறது. கையில் எடுத்தால் நிற்காமல் வழிகிறது.

கழுத்துப் பட்டியில் ஆல்ஃபிரெட் ஷஹீன் என்று ஒரு பெயர். அந்தக் காலத்து வடிவத்தைப் பார்த்துப் புதிதாகத் தைத்தது என்று அத்தை மகன் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. ஷஹீன் என்பது ஹவாய்ப் பெயர் மாதிரி இல்லையே? யார் இவர், எப்படி அந்தத் தீவுக்குப் போனார்? அந்தச் சட்டையில் அப்படி என்ன இருந்தது, இன்னும் அதைப் பார்த்துத் தைக்கிறார்கள்? துணி, தையல் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

பழையபெட்டி

நல்ல பொருள் கைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டைகள் சேர்க்க ஆரம்பித்துப் பதினைந்து வருடமாகிறது, அதில் ஷஹீன் எனக்கு ரொம்பப் பிடித்தவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் சரிதான். ஷஹீன் குடும்பம் லெபனானிலிருந்து அமெரிக்கா போனது. ஆல்ஃபிரெட் 1922-ல் நியூ ஜெர்சியில் பிறந்தார். குடும்பத் தொழிலே துணிதான். 1938-ல் எல்லோரும் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அப்பாவும் அம்மாவும் பெண்களுக்கு அளவெடுத்து உடை தைத்துக் கொடுத்தார்கள். மகன் கலிஃபோர்னியாவில் விமானப் பொறியியல் படித்தார், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் போர் விமானம் ஓட்டினார், போர் முடிந்ததும் ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவுக்குத் திரும்பினார். 1948-ல் சொந்தமாகத் தையல் கூடம் ஆரம்பித்தார்.

இனிமேல்தான் விஷயம். அப்போது ஹவாயில் சட்டை தைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் துணி தீவில் இல்லை. ஜப்பானிலோ அமெரிக்கப் பெருநிலத்திலோ அச்சடித்தது கப்பலில் வரவேண்டும். கப்பல் வரத் தாமதமானால் கத்தரி சும்மா கிடக்கும். வந்த துணியில் என்ன பூ இருக்கிறதோ அதைத்தான் தைக்க முடியும். ஷஹீன் இதை மாற்றினார். 1952-ல் ‘சர்ஃப் அண்ட் சாண்ட் ஹேண்ட் பிரிண்ட்ஸ்’ என்று ஓர் அச்சுக்கூடம் தொடங்கி, அச்சில்லாத துணியை வரவழைத்து ஹொனலுலுவிலேயே சாயமேற்றினார், அச்சடித்தார். வடிவம் வரைகிறவர், சாயம் கலக்கிறவர், ஸ்கிரீன் இழுக்கிறவர், வெட்டுகிறவர், தைக்கிறவர், கடையில் விற்கிறவர் எல்லோரும் அவருடைய ஆட்கள். ஹவாயில் அந்த அளவில் அதை முதலில் செய்தவர் அவர்தான். 1959-ல் அவரிடம் 400 பேர் வேலை பார்த்தார்கள், வருட விற்பனை 40 லட்சம் டாலரைத் தாண்டியது. ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலமானதும் அதே வருடம்தான்.

சிவப்பில் வெள்ளை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. 1961-ல் எல்விஸ் பிரெஸ்லி ஓர் இசைத்தட்டு உறையில் போட்டிருக்கும் சிவப்புச் சட்டை ஷஹீனுடையது. ‘தியாரே தாப்பா’ என்று அந்த வடிவத்துக்குப் பெயர். தியாரே என்பது பசிபிக் கடலின் தஹீத்தித் தீவில் பூக்கும் வெள்ளைப் பூ. பார்த்தால் நம் ஊர் ஒற்றை நந்தியாவட்டை ஞாபகம் வரும். தாப்பா என்றால் மரப்பட்டையை அடித்துச் செய்யும் துணி. நீங்கள் சொன்ன முக்கோணமும் கோடும் அந்தத் தாப்பாக் கோலம்தான்.

1988-ல் ஷஹீன் தொழிலை மூடிவிட்டு ஓய்வெடுத்தார். 2008 டிசம்பரில், 86 வயதில் காலமானார்.

---

மாடிவீடு

பழையபெட்டி அண்ணா, அருமை. அப்படியென்றால் ஹவாய்ச் சட்டையைக் கண்டுபிடித்தவரே ஷஹீன்தானா?

---

கப்பலோசை

இல்லை தம்பி. ஷஹீன் தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே சட்டை வந்துவிட்டது. யார் முதலில் என்பதில்தான் சண்டை.

ஹொனலுலுவின் கிங் ஸ்ட்ரீட்டும் ஸ்மித் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சீனக் குடும்பத்தின் துணிக்கடை இருந்தது. அந்த வீட்டுப் பையன் எல்லரி சுன் 1931-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முடித்துவிட்டு ஊர் திரும்பி, அப்பாவின் கடையை எடுத்து நடத்தினார். கடைக்குக் ‘கிங்-ஸ்மித்’ என்று பெயர் மாற்றினார். அது உலகப் பொருளாதாரமே படுத்துக்கிடந்த பெரிய மந்தக் காலம். கடையில் கிடந்த யுகாட்டாத் துணியை, அதாவது ஜப்பானியர் கோடையில் உடுத்தும் பருத்திக் கிமோனோத் துணியை, அரைக்கைச் சட்டையாகத் தைத்து ஜன்னலில் தொங்கவிட்டார். தங்கை எத்தெல் ஹவாய்ப் பூவும் மீனும் வரைந்து கொடுத்தார். ஹவாய் மொழியில் வணக்கம் சொல்லும் ‘அலோஹா’ என்ற சொல்லைத் தன் துணிகளுக்குப் பெயராக 1936-ல் பதிவு செய்தார். அதனால் பேர் அவருக்குப் போனது.

ஆனால் அதற்கு முந்தின வருடமே, 1935 ஜூன் 28-ல், ஹொனலுலு செய்தித்தாள் ஒன்றில் ‘அலோஹா சட்டை’ என்று அச்சில் வந்துவிட்டது. விளம்பரம் கொடுத்தது ‘முசாஷியா’ என்ற ஜப்பானியத் தையல் கடை. தைத்ததும் இருக்கிறது, அளவெடுத்தும் தைப்போம், 95 சென்ட்டிலிருந்து விலை என்று போட்டிருந்தார்கள். கடையை நடத்தியவர் கோய்ச்சிரோ மியாமோட்டோ. அவர் மனைவி டோலரஸ் பிற்காலத்தில் சொன்ன ஒரு செய்தியும் உண்டு: ஜான் பாரிமோர் என்ற ஹாலிவுட் நடிகர் கடைக்கு வந்து, கிமோனோத் துணியைக் காட்டி இதில் சட்டை தைத்துக் கொடு என்று கேட்டாராம்.

என்னைக் கேட்டால் பதிவு செய்தவர் சுன், அச்சில் முதலில் சொன்னவர் மியாமோட்டோ. தைத்தது அதற்கும் முன்னால் பெயர் தெரியாத பத்து தையல்காரர்களாக இருக்கலாம். கரும்புத் தோட்டத்துக்கு 1852-லிருந்து சீனர், 1878-லிருந்து போர்ச்சுகீசியர், 1885-லிருந்து கூட்டம் கூட்டமாக ஜப்பானியர், 1906-லிருந்து பிலிப்பினோக்கள் என்று வந்து இறங்கிய ஊர் அது. பிலிப்பினோ ஆண்கள் பாரோங் சட்டையை வெளியே விட்டு உடுத்துவார்கள். ஹவாய்ச் சட்டையையும் உள்ளே செருகுவதில்லை, பார்த்திருப்பீர்கள். துணி ஜப்பான், கத்தரி சீனம், உடுத்தும் முறை பிலிப்பைன்ஸ், பூ ஹவாய். இதில் ஒருவரை மட்டும் பிடித்து நீதான் கண்டுபிடித்தாய் என்று மாலை போட முடியாது.

---

ஈரோட்டுத் தறி

துணி பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. இப்போது ஓட்டுவது பெரும்பாலும் ரேயான்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சட்டைகள் பருத்தியிலும் ஜப்பான் பட்டிலும் வந்தன. ரேயான் வந்த பிறகுதான் ஹவாய்ச் சட்டைக்கு இன்று நாம் பார்க்கிற உருவம் வந்தது. காரணம் இரண்டு. ஒன்று, சாயத்தை ரேயான் குடித்துக்கொள்ளும். பருத்தியில் வெளிர்ந்து தெரியும் சிவப்பு ரேயானில் ஆழமாக நிற்கும். இரண்டு, அதன் விழுகை. உடம்பில் ஒட்டாமல் தொங்கும், காற்று வந்தால் அசையும். கடலோரத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்? பட்டுபோல வழுக்கியதால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பழைய ரேயான் சட்டைகளுக்குப் ‘பட்டுச் சட்டை’ என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ரேயான் என்பது என்ன? மரக்கூழ். மரத்தைக் கூழாக்கி, கரைத்து, சல்லடை போன்ற துளைகள் வழியாக இழையாக இழுக்கிறோம். நீங்கள் எல்லாம் தாப்பா, மரப்பட்டைத் துணி என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கதைகளில் காட்டுக்குப் போகிறவர்கள் மரவுரி தரித்தார்கள் என்று கேட்டிருக்கிறோம் இல்லையா, அதே பொருள்தான் தாப்பா. கிழக்குவாசல், உங்கள் சட்டையில் இருப்பது மரவுரியின் கோலம், அது ஏறியிருப்பதும் மரத்திலிருந்து வந்த நூலின்மேல். ஷஹீன் அப்படி யோசித்துச் செய்தாரோ இல்லையோ, நாளெல்லாம் ரேயான் பாவு பார்க்கிற எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சட்டையைத் திருப்பி உள்பக்கம் பார்த்துச் சொல்லுங்கள். சாயம் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது? பிக்மென்ட் அச்சு என்றால் மேலோடு உட்கார்ந்திருக்கும், விரலால் தடவினால் பூ இருக்கும் இடம் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். சாய அச்சு என்றால் துணி எங்கும் ஒரே மென்மை. மூன்றாவதாக டிஸ்சார்ஜ். முழுத் துணிக்கும் முதலில் சிவப்பு ஏற்றிவிட்டு, பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் மருந்து கலந்த பசையை அச்சடித்துச் சிவப்பை எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் அடித்தளச் சிவப்பு உள்பக்கமும் அதே ஆழத்தில் இருக்கும், வெள்ளையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வரும். சூடும் நேரமும் கொஞ்சம் பிசகினால் வெள்ளை பழுப்பாகிவிடும், இல்லையென்றால் துணியே நைந்துவிடும். சோப்புக் கட்டி அளவு பூவுக்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பது அச்சுப் பட்டறையில் ஒரு நாள் நின்றால்தான் தெரியும்.

---

நெய்தல்

எல்லோரும் அன்போடு எழுதுகிறீர்கள், படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது.

சீனர் தைத்தார், ஜப்பானியர் தைத்தார், லெபனான்காரர் அச்சடித்தார். சரி. ஹவாயின் மண்ணின் மக்கள் எங்கே? 1893-ல் அவர்களுடைய அரசி லிலியுகலானியைத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து பதவியிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் நாட்டையே அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. 1927-ல் ஹொனலுலுவின் வைக்கீக்கிக் கடற்கரையில் பெரிய ஹோட்டல் வருகிறது, சொகுசுக் கப்பல் வருகிறது, பத்தே வருடத்தில் பூப்போட்ட சட்டையும் வருகிறது. சட்டையில் தென்னை மரம், ஹுலா ஆடும் பெண், அன்னாசி. அன்னாசியே ஹவாய்க்கு வெளியிலிருந்து வந்த பயிர். பார்க்கிறவருக்கு அது சொர்க்கம், நிலத்தை இழந்தவருக்கு?

தாப்பாவை எடுத்துக்கொள்வோம். ஹவாய் மொழியில் அது காப்பா. வவுக்கே என்ற செடியின் உட்பட்டையை உரித்து, ஊறவைத்து, கோடு செதுக்கிய மரக்கட்டையால் பெண்கள் மணிக்கணக்கில் அடிப்பார்கள். கட்டையில் செதுக்கிய கோடு துணிக்குள் நீர்க்குறிபோல விழும். மூங்கிலில் செதுக்கிய அச்சால் மேலே கோலம் பதிப்பார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றவும், இறந்தவரைப் போர்த்தவும் அது வேண்டும். அந்தக் கோலத்தை எடுத்து விடுமுறைச் சட்டையில் போட்டு விற்றதைப் பூர்வீகம் என்று கொண்டாடும்போது, யாருடைய பூர்வீகம் என்று கேட்க வேண்டாமா?

வவுக்கே என்பது பட்டுப்பூச்சிக்குப் போடுகிற மல்பெரியின் உறவுக்காரச் செடி. மரவுரி என்ற சொல்லை ஈரோட்டுத் தறி கொண்டுவந்ததால் சொல்கிறேன்.

---

பழையபெட்டி

நெய்தல் அக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஷஹீன்மேல் எனக்குள்ள பிரியத்தால் அதை ஒதுக்கிவிட மாட்டேன். முதல் இருபது வருடச் சட்டைகளில் நிறைய, சுற்றுலாக்காரருக்காகத் தைத்தவைதான். போருக்கு முன்னால் ஃபூஜி மலையும் கொக்கும் செர்ரிப் பூவும் போட்ட ஜப்பான் துணி, ஹவாய் என்ற பெயரில் விற்றது. போர் வந்து ஜப்பான் துணி நின்ற பிறகுதான் ஹவாயின் செடியும் பூவும் சட்டையில் கூடின.

ஆனால் சட்டை அங்கேயே நின்றுவிடவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1947-ல் ஹொனலுலு நகராட்சி ஊழியர்கள் கோடை மாதங்களில் திறந்த காலர் சட்டை போட அனுமதி கிடைத்தது. அதுவரை அந்த வெயிலில் கோட்டும் டையும். 1962-ல் உடை தயாரிப்பாளர் சங்கம் சட்டமன்றத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு அலோஹா சட்டை கொடுத்து, இதை அலுவலகத்துக்குப் போட விடுங்கள் என்று கேட்டது. 1966-லிருந்து வெள்ளிக்கிழமை என்றால் அலோஹா சட்டை. இப்போது எல்லா நாளும்தான். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான்.

இன்று அங்கே போனால் உள்ளூர் ஆள் யார், வந்தவர் யார் என்று சட்டையை வைத்தே சொல்லிவிடலாம். உள்ளூர் ஆபீஸ்காரர் பளிச்சென்ற பூப்போட மாட்டார். ‘ரெயின் ஸ்பூனர்’ என்றொரு கடை, துணியின் மறுபக்கத்தை வெளியே வைத்துத் தைத்தது. வெயிலில் வெளுத்த பழைய சட்டைபோல அடக்கமாக இருக்கும். தீவின் வக்கீலும் வங்கிக்காரரும் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஹவாயின் ஹிலோ ஊரில் இருக்கிறது. அங்கே சிக் சேன் 1985-ல் ஒரு கடை திறந்தார். அவர் மனைவி நலானி கனக்கஓலே தலைமுறை தலைமுறையாக ஹுலா கற்பித்த குடும்பம். அந்தக் கடையின் வடிவங்கள் ஹுலா மரபில் இடமுள்ள செடிகளிலிருந்து வருகின்றன. மனவோலா யாப் என்ற ஹவாய் இளைஞர், நீங்கள் சொன்ன அந்த மூங்கில் அச்சையே கையிலெடுத்துத் துணி செய்கிறார். ஷஹீன் சட்டை வாங்குகிறவர் இவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

---

நெய்தல்

நன்றி. நான் சட்டையைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. கோலத்துக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு என்று தெரிந்து போடுங்கள் என்கிறேன். சிக் சேன் பற்றி நீங்கள் எழுதியது எனக்கும் புதிது, தேடிப் படிக்கிறேன்.

---

தையல்மேசை

நான் முப்பது வருடமாக ஜென்ட்ஸ் டெய்லர். வரலாறு அதிகம் தெரியாது. சட்டையைப் பார்த்தால் தைத்தவர் அக்கறையோடு தைத்தாரா என்று சொல்லிவிடுவேன். கிழக்குவாசல் சார், மார்புப் பாக்கெட்டை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். பாக்கெட் எங்கே ஆரம்பிக்கிறது என்று உடனே தெரிகிறதா, தேட வேண்டியிருக்கிறதா?

தேட வேண்டியிருந்தால் நல்ல சட்டை. முன்பாகத்தை வெட்டி மேசையில் விரித்து, பாக்கெட் வரும் இடத்தில் பூவின் எந்த இதழ் எங்கே இருக்கிறதோ, அதே இதழ் அதே இடத்தில் வருகிற மாதிரி மிச்சத் துணியில் தேடிப் பிடித்து வெட்ட வேண்டும். சுற்றி மடிப்புக்கு விடுகிற துணியையும் கணக்கில் வைக்க வேண்டும். கட்டம் போட்ட துணியில் சேர்ப்பதே வேலை, பெரிய பூவில் இரண்டு மடங்கு வேலை. ரேயான் வேறு மேசையில் நிற்காது, கத்தரி வைக்கிற நேரத்தில் நகர்ந்துவிடும். இப்படிச் சேர்க்க துணியும் கூடுதலாகச் செலவாகும். அவசரத்துக்கு அடுக்கி மெஷினில் வெட்டுகிறவர்கள் பாக்கெட்டை எங்கிருந்தோ வெட்டி ஒட்டிவிடுவார்கள், அல்லது பாக்கெட்டே வைக்க மாட்டார்கள்.

அதேபோல் பட்டன் பட்டி. பட்டனைப் போட்டபின் இடது பக்கத்துப் பூவும் வலது பக்கத்துப் பூவும் சேர்ந்து ஒரு பூவாகிறதா? அப்புறம் காஜா. பழைய சட்டைகளில் காஜா குறுக்காக எடுத்திருப்பார்கள், இப்போது நாம் எடுப்பதுபோல நெடுக்காக இல்லை. காலருக்கு அடியில் பட்டனை மாட்ட ஒரு சின்ன வளையம் இருக்கும். பழைய மாதிரியைப் பார்த்துத் தைக்கிறேன் என்கிறவர் இதையெல்லாம் செய்திருந்தால்தான் அவர் பழைய சட்டையை நிஜமாகவே கையில் வைத்துப் பார்த்தவர்.

---

கிழக்குவாசல்

தையல்மேசை ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். முதலில் பாக்கெட் இல்லை என்றார். அப்புறம் விரலை விட்டுத் தடவினார், விரல் உள்ளே போனது. ஒரு பூவின் நடுவே பாக்கெட் வாய் போகிறது, இதழ் உடையவே இல்லை. இந்த ஒரு பாக்கெட்டுக்கு ஒரு சாண் துணி வீணாகியிருக்கும் என்றார் அம்மா. குறை சொல்வதுபோல இல்லை, மெச்சுகிற குரலில்.

காஜா குறுக்காகத்தான் இருக்கிறது. வளையமும் இருக்கிறது. ஆனால் பட்டன் பட்டியில் மேலிருந்து இரண்டு பூ சரியாகச் சேர்கிறது, கீழே வர வர அரை விரல் விலகிப்போகிறது.

ஈரோட்டுத் தறி அண்ணா, உள்பக்கமும் கிட்டத்தட்ட அதே சிவப்பு. பூவைத் தடவினால் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, விறைப்பு இல்லை.

---

தையல்மேசை

பட்டி கீழே விலகுவது ரேயானில் சகஜம், தைக்கும்போது இழுபட்டிருக்கும். பாக்கெட் சரியாக இருக்கிறதே, அது போதும். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

---

சிந்துக்கரை

இந்த இழையில் ஓர் இந்தியக் கதை வந்தே ஆகவேண்டும், யாரும் எடுக்காததால் நான் எடுக்கிறேன்.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் பிறந்த ஜமந்தாஸ் வாட்டுமல், பிலிப்பைன்ஸில் கடைத்தொழில் கற்று, முதல் உலகப் போர் தொடங்கும் சமயத்தில் கூட்டாளியோடு ஹொனலுலுவில் ஒரு கடை போட்டார். கூட்டாளி காலராவில் இறந்துவிட, 1917-ல் தம்பி கோபிந்தராம் வந்து கடையை ஏற்றார். கடைக்கு ‘ஈஸ்ட் இந்தியா ஸ்டோர்’ என்று பெயர்.

கோபிந்தராம் 1922-ல் எல்லன் ஜென்சன் என்ற அமெரிக்கப் பெண்ணைத் திருமணம் செய்தார். அந்தக் காலத்துச் சட்டப்படி, அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள். எல்லனும் இழந்தார். சொந்த நாட்டிலேயே அந்நியரானார். சும்மா இருக்கவில்லை, போராடினார். 1931-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு திரும்பப் பெற்றார். கணவருக்குக் குடியுரிமை கிடைக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்? எல்லனின் சகோதரி எல்சி தாஸ் ஓவியர். 1936-ல் வாட்டுமல் கடைக்காக எல்சி பதினைந்து மலர் வடிவங்கள் வரைந்தார். கடைகளில் ஃபூஜி மலையும் கொக்கும் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஹவாயில் பூக்கிற பூக்களையே எடுத்து வரைந்தார். வரைந்ததை ஜப்பானுக்கு அனுப்பி, பட்டில் அச்சடித்து, ஹொனலுலுவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். ஹவாய்ப் பூவையே துணியில் பெரிதாகக் கொண்டுவந்த முதல் வரிசைகளில் அது ஒன்று. 1955-ல் வாட்டுமல் குடும்பம் ‘ராயல் ஹவாயன்’ என்ற ஆடைக் கம்பெனியையும் வாங்கியது.

சிந்தி வியாபாரி, டேனிஷ் பெயர் கொண்ட சகோதரிகள், ஜப்பான் அச்சுக்காரர், ஹவாய்ப் பூ. கப்பலோசை சொன்ன கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கப்பலோசை

சேர்த்துவிட்டேன். எல்லன் குடியுரிமை இழந்த செய்தி எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் அந்தப் பூக்களை வரைந்திருக்கிறார்கள்.

---

மாடிவீடு

இதையெல்லாம் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. அசல் பழைய சட்டை வாங்கலாமா, கிழக்குவாசல் வைத்திருப்பதுபோலப் புதிதாகத் தைத்தது வாங்கலாமா? அசல் என்று ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இருந்த ஒரே ரேயான் சட்டையை உள்ளூர்ச் சலவைக்கடையில் கொடுத்தேன், சுடுதண்ணீரில் போட்டு இரண்டு விரல் சுருக்கிவிட்டார்கள். அதனால் பயமாகவும் இருக்கிறது.

---

பழையபெட்டி

போடுவதற்கு என்றால் புதியது வாங்கு. அறுபது எழுபது வருட ரேயான் தோள்பட்டையில் இற்றுப்போயிருக்கும், ஒரு நாள் பைக்கில் போனால் கிழிந்துவிடும். நான் அசலை வாங்குவது பார்ப்பதற்கும் படிப்பதற்கும். புதியதில் மிகக் கவனமாகச் செய்கிறவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். டோயோ என்டர்பிரைஸ் என்ற நிறுவனத்தின் ‘சன் சர்ஃப்’ சட்டைகளைப் பார். பழைய சட்டைகளைத் தேடிச் சேர்த்து, நெசவு, அச்சு, பட்டன்வரை அப்படியே திரும்பச் செய்கிறார்கள். தொண்ணூறு வருடம் முன்னால் ஜப்பான் துணி ஹவாய்க்குப் போய்ச் சட்டையானது. இப்போது ஹவாய்ச் சட்டை ஜப்பானுக்குப் போய்த் திரும்பத் துணியாகிறது.

அசலா என்று பார்க்க முதலில் பட்டியைப் படி. எந்த முறையில் துவைக்க வேண்டும் என்று தைத்த பட்டி இருந்தால் அது 1972-க்குப் பிந்தையது, அமெரிக்காவில் அப்போதுதான் அது கட்டாயமானது. நூலின் பெயரும் சதவீதமும் எழுதியிருந்தால் 1960-க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1950 சட்டை என்று விற்கிறவர் காட்டும் பட்டியில் இரண்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

---

ஈரோட்டுத் தறி

நூலைச் சந்தேகப்பட்டால் உள்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவி நெருப்புக் காட்டுங்கள். ரேயான் காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும், ஆறினபின் நகத்தால் நசுக்கினாலும் உடையாது. பட்டு என்றால் முடி கருகிய வாடை.

துவைப்பது: ரேயானுக்கு ஈரத்தில் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். முறுக்கிப் பிழியவே கூடாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு ஐந்து நிமிடம், அலசி எடுத்து, பழைய துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள், தண்ணீரைத் துண்டு இழுத்துக்கொள்ளும். நிழலில் காயப்போடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் வைத்துத் தேய்த்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

கிழக்குவாசல், நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது சாயத்தில் ஏறிய நல்ல அச்சு. முதல் அலசலில் கொஞ்சம் சிவப்பு இறங்கும், பயப்படாதீர்கள். வேறு துணியோடு சேர்க்காமல் போடுங்கள்.

---

கிழக்குவாசல்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. லெபனான் பெயர் என்று ஒரு வரி பதில் வரும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

இன்று காலையில் அம்மாவே துவைத்தார், என்னைத் தொட விடவில்லை. முதல் தண்ணீர் ரோஜா நிறத்தில் வந்தது, இரண்டாவது தெளிந்துவிட்டது. அப்பாவின் பழைய ஈரிழைத் துண்டில் சுருட்டி அழுத்தி, இப்போது மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் தொங்குகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது முக்கோணங்களுக்கு நடுவே நுண்கோடுகள் தெரிகின்றன, கட்டையால் அடித்த தழும்புபோல. நெய்தல் அக்கா எழுதியிருக்காவிட்டால் அதை நான் அச்சுக் கோளாறு என்று நினைத்திருப்பேன்.

தங்கைக்கு வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இதைத்தான் போடப்போகிறேன். அத்தை மகன் கிளம்புவதற்குள் அவனுக்கும் இந்த இழையைப் படித்துக் காட்ட வேண்டும். சிந்துக்கரை, எல்சி தாஸ் வரைந்த பூக்களின் படம் எங்காவது பார்க்கக் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். அம்மா கேட்டார்.